டோல்போவுக்கு முன் உகந்தை

முதல் நாள்: கல்லடி – களுவாஞ்சிகுடி

காலை நாலரைக்கு மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தடியில் தொங்கு தராசில் பைகளைக் கொளுவிப் பார்த்தோம். என்னுடையது 15.2 கிலோ, மச்சானுடையது 16. விளையாட்டுக்குப் பெரியம்மாவின் துணி மூட்டையையும் கொளுவினேன். 6.4. அதற்குள் அரிசி, பருப்பு, பொரிமா, புளி, ஒரு அலுமினியச் சட்டி, மாற்றுச் சேலை இரண்டு, திருநீற்றுப் பை. பெரியம்மா என் பையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தா.

“என்னகா மனே இது, வீடு குடிபோறியா?”

விசயம் இதுதான். பெரியம்மாவுக்கு இது கதிர்காமப் பாதயாத்திரையில் இருபதாவது முறை. பதினொரு பேர் கொண்ட கூட்டம், எல்லாரும் வெறுங்கால். நானும் மச்சானும் புரட்டாதியில் நேபாளத்து டோல்போவுக்கு நடக்கப் போகிறோம். அதற்கான ஒத்திகையாக, காட்டுப்பாதை தொடங்கும் உகந்தை வரை இவர்களோடு நடப்பது, பிறகு அவர்கள் காட்டுக்குள், நாங்கள் பஸ்ஸில் வீட்டுக்கு. இரவில் தங்கும் இடங்களில் மலைப் பயணத்தின் திட்டத்தை முடிப்பது. வீட்டில் இருந்தால் ஆறு மாதம் ஆனாலும் முடியாது.

டோல்போ நேபாளத்தின் வடமேற்கில், தவுளகிரி மலைத்தொடரின் முதுகுப் பக்கம், திபெத் எல்லையோடு ஒட்டிக் கிடக்கிறது. நேபாள்கஞ்சிலிருந்து சின்ன விமானத்தில் ஜுபால் என்ற இடத்தில் இறங்கவேண்டும். அந்த ஓடுபாதையே ஏறத்தாழ 2,500 மீட்டர். எங்கள் நாட்டின் உச்சி பிதுருதலாகலை 2,524. அதாவது இந்தத் தீவில் உள்ள உயரம் முழுவதையும் அங்கே விமானத்தின் படியிலேயே செலவழித்துவிடுவோம். நான் நில அளவையாளன். எங்கள் கரையோரத் தாள்களில் சமவுயரக் கோடு ஒன்று விழுந்தால் அதுவே அதிசயம். டோல்போ வரைபடத்தில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, மை சிந்தினாற்போல இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் ஆசை வந்தது.

அங்கே பொக்சுண்டோ என்று ஒரு ஏரி, 3,611 மீட்டரில், 145 மீட்டர் ஆழம். மீனே இல்லாத ஏரி என்கிறார்கள். மீன் பாடும் ஊர்க்காரர் இருவர் இவ்வளவு காசு கட்டி அதைப் பார்க்கப் போகிறோம் என்று மச்சான் சொல்லிச் சிரித்தான்.

ஆரையம்பதி தாண்டும் வரை நாங்கள் இருவரும் முன்னால். குருக்கள்மடத்தில் மச்சானின் புதுச் சப்பாத்து குதிக்காலில் கொப்புளம் போட்டது. ஒரு மதிலோரம் அவன் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது பதினொரு பேரும் “அரோகரா” சொல்லிக்கொண்டு எங்களைக் கடந்து போனார்கள். பிறகு அவர்களைப் பிடிக்க முடியவில்லை.

இரண்டாம் நாள்: களுவாஞ்சிகுடி – காரைதீவு

கல்முனையில் ஒரு வேலை வைத்திருந்தோம். மச்சானுக்குத் தெரிந்த ஒருவரிடம் மீன் வைக்கும் குளிர் அறை இருக்கிறது. இரவல் வாங்கிய நித்திரைப்பையை எங்கே சோதிப்பது என்று யோசித்தபோது வந்த யோசனை. மட்டக்களப்பில் இரவு 27 பாகை. அந்தப் பைக்குள் பத்து நிமிடம் கிடந்தால் இட்லி மாதிரி அவிந்துவிடலாம்.

அறைக் கதவின் மேல் சிவப்பு எழுத்தில் −18. சொந்தக்காரர் வெளியே கதிரை போட்டு இருந்துகொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒருதரம் கதவைத் தட்டினார். உள்ளே சூரைமீன் பெட்டிகளுக்கு நடுவே ரெஜிஃபோம் பலகை ஒன்றைப் போட்டுப் படுத்தேன். முதல் கால் மணித்தியாலம் நல்ல சுகம். அதற்குப் பிறகு குளிர் மேலிருந்து வரவில்லை, கீழிருந்து வந்தது. இடுப்பும் தோளும் பலகையில் படும் இடத்தில் ஆரம்பித்து முதுகு முழுவதும் ஊறியது. நித்திரைப்பையின் பஞ்சு நம் பாரத்தில் நசுங்கிவிட்டால் அது வெறும் துணி. அடியில் விரிக்கும் பாய்தான் குளிரைத் தடுக்கிறது. பையில் எழுதியிருக்கும் இரண்டு வெப்பநிலைகளில் ஒன்று சௌகரியமாகத் தூங்கக்கூடியது, மற்றது சுருண்டு கிடந்து சமாளிக்கக்கூடியது. விற்பவர்கள் பெரிய எழுத்தில் போடுவது இரண்டாவதை.

நாற்பது நிமிடத்தில் வெளியே வந்தேன். இரவல் தந்தவரிடம் இந்த மீன் மணத்தை எப்படிச் சொல்லப் போகிறேனோ தெரியாது. கூட்டத்தில் எல்லாரும் விரதம். பெரியம்மா என்னை மூன்று பாகம் தள்ளிப் படுக்கச் சொன்னா. முடிவு: நித்திரைப்பையும் இறகு அங்கியும் காத்மாண்டுவின் தமேலில் வாடகைக்கு எடுப்பது, பாய் மட்டும் நல்லதாக இங்கிருந்தே கொண்டுபோவது.

காரைதீவுக் கண்ணகி அம்மன் கோவில் வீதியில் தங்கல். எங்களைப் பார்க்க வந்த ஒரு ஐயா, “கடற்கரை ஆக்களுக்கு எதுக்கு மலை?” என்றார். எங்கள் நாட்டு ஜெயந்தி குரு உதும்பால 2016இல் எவரெஸ்ட் உச்சியில் நின்றதைச் சொன்னேன். “அவ கொழும்பு” என்றார். அதற்குமேல் வாதாடவில்லை.

மூன்றாம் நாள்: காரைதீவு – அக்கரைப்பற்று

கச்சான் காற்று. ஊர்க்காரருக்கு விளக்கத் தேவையில்லை. வெளியூர் ஆக்களுக்கு: வேர்க்கடலையைச் சொல்லவில்லை, ஆனி ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் அனல் காற்றைச் சொல்கிறேன். தெற்கே நடக்கும் எங்களுக்கு வலப்பக்கக் காது முழுநாளும் அடுப்படியில் இருந்தது. நிந்தவூரிலும் ஒலுவிலிலும் கடைக்காரர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தண்ணீர் தந்தார்கள். அட்டாளைச்சேனையில் ஒரு காக்கா பிளேன்டிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

இந்தக் காற்றுக்குள் நடக்கும்போதுதான் டோல்போவின் பருவம் எனக்கு ஒழுங்காக விளங்கியது. தென்மேற்கு மழை கண்டியிலும் நுவரெலியாவிலும் கொட்டித் தீர்த்துவிட்டு, வெறும் சூடாக எங்களிடம் வருகிறது. மலைக்கு அந்தப் பக்கம் மழை, இந்தப் பக்கம் கச்சான். அங்கேயும் அதே கணக்குத்தான். தவுளகிரி 8,000 மீட்டருக்கு மேல் எழுந்து, தன் கூட்டத்தோடு மழையை மறித்துக்கொள்ள, பின்னால் டோல்போ காய்ந்து கிடக்கிறது. நேபாளத்தின் மற்ற இடங்களில் அட்டையும் சேறுமாக இருக்கும் ஆவணியில்கூட அங்கே நடக்கலாம். ஆனால் அங்கே போய்ச் சேரும் விமானம் மழைப்பக்கத்திலிருந்து அல்லவா ஏறவேண்டும்? நேபாள்கஞ்சில் முகில் இறங்கினால் நாட்கணக்கில் காத்துக் கிடக்கவேண்டியதுதான். அதனால் புரட்டாதி நடுப்பகுதி என்று வைத்தோம். வைகாசி ஆனியில் போனால் இன்னொரு சிக்கல்: ஊர் ஆக்களில் பாதிப்பேர் யார்சாகும்பா என்ற மருந்துப் பூஞ்சை பொறுக்க மேய்ச்சல் நிலங்களுக்கு ஏறிவிடுவார்கள், கோவேறு கழுதை கிடைப்பது கடினம்.

அக்கரைப்பற்றில் இரண்டு பைகளையும் கவிழ்த்துக் கொட்டினோம். மூன்று நாளாகத் தொடாத சாமான்கள் ஒரு உரப்பை நிறைய. மடக்குக் கதிரை, இரண்டாவது அடுப்பு, நான் வாசிக்கவென்று கொண்டுவந்த தடித்த புத்தகம், மச்சானின் தலையணை. மட்டக்களப்பு பஸ்ஸில் தெரிந்த சாரதியிடம் கொடுத்து அனுப்பினோம். இப்போது என் பை 9.7.

நாலாம் நாள்: அக்கரைப்பற்று – திருக்கோவில்

குறைந்த தூரம், பத்து மணிக்கே வந்துவிட்டோம். சித்திரவேலாயுத சுவாமி கோவில் மண்டபத்தில் தூணோரம் வரைபுத் தாளை விரித்தேன்.

நாங்கள் முதலில் கேட்ட பாதை மேல் டோல்போ. பொக்சுண்டோ ஏரி, அங்கிருந்து 5,300 மீட்டருக்கு மேல் போகும் காங் லா கணவாய், அதற்கு அந்தப் பக்கம் ஷே மடம். ஷேயில் பளிங்கு மலை என்று ஒன்று, திபெத்தியர்கள் அதைச் சுற்றி நடந்து கும்பிடுகிறார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருதரம், டிராகன் வருடத்தில் பெரிய திருவிழா. கடைசியாக 2024இல் வந்தது. உண்மையைச் சொன்னால் என் ஆசை முழுவதும் ஷேயில்தான்.

பயண முகவர் ஒருவர் அனுப்பிய திட்டம் 18 நாள். கிடையாக நாட்கள், நிலைக்குத்தாக ஒவ்வொரு இரவும் தூங்கும் உயரம். பகலில் ஏறும் உயரம் அவ்வளவு முக்கியமில்லை, தலை எங்கே சாய்கிறது என்பதுதான் கணக்கு. 3,000 மீட்டருக்கு மேலே போனபிறகு, தூங்கும் உயரம் ஒரு இரவுக்கு 500 மீட்டருக்குமேல் கூடக்கூடாது, மூன்று நாலு நாளுக்கு ஒருதரம் ஒரே இடத்தில் இரண்டு இரவு. மருத்துவர்கள் சொல்லும் விதி இது. புள்ளிகளை வைத்துக் கோடு இழுத்தேன். பதினெட்டில் ஒரு இடத்தில் கோடு மரம் ஏறுவது போல நட்டமாக நின்றது: ஏரிக்கு மேலே ஒரு இரவு, அடுத்த இரவு கணவாயின் அடியில். ஒரே தாவலில் ஏறத்தாழ 1,000 மீட்டர்.

மச்சான், “டயமொக்ஸ் போட்டால் சரிதானே, அத்தான்?” என்றான். அந்த மாத்திரை உடம்பு உயரத்துக்குப் பழகுவதைக் கொஞ்சம் விரைவாக்கும், அவ்வளவுதான். வழக்கமாக 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு தரம். விரல் நுனி விறுவிறுக்கும், அடிக்கடி ஒன்றுக்கு வரும், சோடா சப்பென்று இருக்கும். சல்ஃபா ஒத்துக்கொள்ளாதவர்கள் முதலே வைத்தியரிடம் சொல்லவேண்டும். இந்த மாதம் வீட்டிலேயே இரண்டு நாள் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் எங்கள் வைத்தியர். ஆனால் உயரத்தால் மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்தால் முதல் வைத்தியம் கீழே இறங்குவது. டெக்சாமெதசோனும் நிஃபெடிபினும் இறங்குவதற்கு நேரம் வாங்கித் தரும் மருந்துகள்.

மூளை பாதித்துவிட்டதா என்று அறிய ஒரு எளிய சோதனை உண்டு. நேர்கோட்டில் குதிக்காலுக்கு முன்விரல் வைத்து நடக்கச் சொல்வது. தள்ளாடினால் கதை முடிந்தது, இரவோ மழையோ இறக்கவேண்டும். மண்டபத்துத் தரைக் கல்லின் இணைப்புக் கோட்டில் மச்சானை நடக்கவைத்துப் பார்த்தேன். பெரியம்மா விளக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தா. “கள்ளுக் குடிச்சவனுக்குத்தானே இப்பிடிச் செய்வாங்க?” என்றா. ஓம், இரண்டும் ஒன்றுதான், உயரமும் அப்படித்தான் செய்யும் என்றேன்.

பிறகு வரைபடத்தைக் காட்டி அவவுக்கு ஷேயை விளக்கப் போனேன். அப்போதுதான் எனக்கே பொறி தட்டியது. ஷேயில் ஒருவனுக்கு வருத்தம் கடுமையாக வந்தால் எப்படி இறங்குவது? வந்த வழியே திரும்பினால் மறுபடி 5,300. கிழக்கே சல்டாங் பக்கம் போனாலும் இன்னொரு கணவாய். அங்கே இறங்குவதற்கு முதலில் ஏறவேண்டும். ஹெலிகொப்டர் வரலாம். முகில் இருந்தால் வராது.

பெரியம்மா வரைபடத்தைப் பார்க்கவில்லை. கணவாய் என்று நான் விரல் வைத்த இடத்தை மட்டும் பார்த்துச் சொன்னா: “அது உங்கட குமுக்கன்.”

உகந்தையிலிருந்து காட்டுக்குள் போனால் குமுக்கன் ஆறு வரும். அது வரை யாருக்கு ஏலாமல் வந்தாலும் திருப்பி அனுப்பலாம். ஆற்றைக் கடந்தபின் நாவலடி, வியாழை என்று தண்ணீரும் இல்லாமல் யானையோடு போகும் பாதை, திரும்பும் தூரமும் போகும் தூரமும் ஒன்றாகிவிடும். அதனால் அவர்களின் கூட்டத்தில் ஒரு ஒழுங்கு: குமுக்கன் கரையில் ஒரு இரவு தங்கவேண்டும், விடியப்புறம் பெரியம்மா ஒவ்வொருவரின் நெற்றியையும் தொட்டுப் பார்ப்பா. காய்ச்சல் என்றால் ஆறு கடக்கிறதில்லை. ஒருமுறை தன் சொந்தத் தங்கையையே, அதாவது என் அம்மாவை, அழ அழத் திருப்பி அனுப்பியிருக்கிறா. அம்மா இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்லிச் சண்டை பிடிப்பா.

ஐந்தாம் நாள்: திருக்கோவிலில் ஓய்வு

நடக்கவில்லை. மேஸ் (காலுறை) கழுவினேன். மச்சானின் கொப்புளம் காய்கிறது.

பெரியம்மாவுக்கு ஒரு சந்தேகம்: “அங்க சோறு வேகுமா?” 5,000 மீட்டரில் தண்ணீர் ஏறத்தாழ 83 பாகையிலேயே கொதித்துவிடும், அதனால் பிரஷர் குக்கர் இல்லாமல் அரிசி ஒழுங்காக வேகாது என்றேன். ஊர் ஆக்கள் என்ன சாப்பிடுகிறார்கள்? வறுத்த வாற்கோதுமை மா, அதன் பெயர் சம்பா. “சம்பா அரிசியா?” “இல்லை பெரியம்மா, மா. தேத்தண்ணியில் குழைத்துச் சாப்பிடுவார்கள்.” மூட்டையை அவிழ்த்துத் தன் பொரிமாவில் ஒரு பிடி எடுத்து, சுடுதண்ணீரும் சீனியும் விட்டுக் குழைத்து, உருட்டி என் கையில் வைத்தா. அடுப்பு எரியாத நாளுக்கென்று நான் ஒரு பொதி எண்ணூறு ரூபாய்க்கு வாங்கிவைத்திருக்கும் உலர் உணவைவிட இது பாரம் குறைவு, வயிறும் நிறைகிறது. இரண்டு கிலோ இடித்துத் தரச் சொல்லியிருக்கிறேன், தேங்காய்ப்பூ போடாமல். போட்டால் எண்ணெய் காறி மணக்கும்.

ஆறாம் நாள்: திருக்கோவில் – கோமாரி

வெயில். காற்று. சொல்ல ஒன்றுமில்லை.

ஒன்று மட்டும். காப்புறுதி முகவர் ஒருவர் போனில் எடுத்தார். மலையேற்றத்துக்கும் சேரும் என்றார். எத்தனை மீட்டர் வரை என்று கேட்டேன். “மலை என்றால் மலைதானே சேர்” என்றார். படிவத்தை அனுப்பச் சொல்லி வாசித்தேன். சின்ன எழுத்தில் 3,000. எங்களுக்கு வேண்டியது 6,000 வரை, ஹெலிகொப்டர் மீட்பும் எழுத்தில் இருக்கவேண்டும். வேறு இடத்தில் தேடவேண்டும்.

ஏழாம், எட்டாம் நாள்: பொத்துவில் வழியாகப் பாணமை

அறுகம்குடாவில் அலைச்சறுக்கு வெள்ளைக்காரர்கள் எங்கள் சப்பாத்தையும் பெரியம்மாவின் வெறுங்காலையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒரு பெண் பெரியம்மாவைப் படம் எடுக்கக் கேட்டா. பெரியம்மா சேலையைச் சரிபண்ணிக்கொண்டு நின்றா, எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னா.

பாணமைக்குப் பிறகு போனில் சிக்னல் ஒழுங்காக இருக்காது என்பதால் தொடர்புக் கதையை இங்கேயே பேசி முடித்தோம். செய்மதி வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றை மச்சானின் நண்பர் தருவதாகச் சொல்லியிருந்தார். வேண்டாம் என்று விட்டோம். நாங்கள் சென்னையோ டெல்லியோ மாறித்தான் போகவேண்டியிருக்கும். இந்தியாவில் முன் அனுமதி இல்லாமல் செய்மதித் தொடர்புக் கருவி பையில் இருந்தால் வழக்கு வரை போகும். நேபாளத்தில் வழிகாட்டியின் பொறுப்பில் ஒன்று இருக்கட்டும். காஸ் குப்பியும் விமானத்தில் ஏறாது, அங்கேதான் வாங்கவேண்டும். பவர் பாங்க் கைப்பையில்.

விசா பற்றி நல்ல செய்தி: சார்க் நாட்டவருக்கு வருடத்தில் முதல் 30 நாள் இலவசம். தேசியப் பூங்காக் கட்டணமும் மற்ற வெளிநாட்டவருக்குள்ளதில் பாதி. ஆனால் அந்த 30 தான் எங்கள் கழுத்தையும் பிடிக்கிறது. மச்சானின் லீவும் சனி ஞாயிறோடு சேர்த்து 29 நாள். ஷே பாதையை நான் வரைபுத் தாளில் பதமாகச் சரித்து, ஓய்வு நாட்களைச் செருகி, விமானம் பறக்காத நாட்களுக்கு முன்னும் பின்னும் மூன்று மூன்று ஒதுக்கிக் கூட்டினேன். 34 வந்தது. திரும்பக் கூட்டினேன். 34 தான்.

“நீங்கள் மட்டும் போங்க அத்தான்” என்றான் மச்சான். பதில் சொல்லாமல் படுத்துவிட்டேன்.

ஒன்பதாம் நாள்: உகந்தை

கடற்கரைப் பாறையில் முருகன் கோவில். நூற்றுக்கணக்கில் ஆக்கள், மரத்துக்கு மரம் அடுப்பு. காட்டுப்பாதை நாளை விடியத் திறக்கிறார்கள்.

இரவு முழுவதும் கீழ் டோல்போவின் கோட்டை இழுத்துப் பார்த்தேன். ஜுபாலை அடுத்த டுனையிலிருந்து தாரப் பள்ளத்தாக்கு வழியாக மெல்ல ஏறி, ஏறத்தாழ 4,000 மீட்டரில் டோ கிராமத்தில் மூன்று இரவு. அங்கே வரை எவனுக்குத் தலையிடித்தாலும் ஆற்றோடு இறங்கி டுனைக்கே வந்துவிடலாம். அதற்குப் பிறகுதான் நுமா லா, பாகா லா கணவாய்கள், இரண்டும் 5,000க்கு மேல். கடந்தால் பொக்சுண்டோ. எங்கள் குமுக்கன் டோவில் இருக்கிறது. ஓய்வு நாள் ஆறு, பறக்காத நாட்கள் எல்லாம் சேர்த்து 27. அனுமதிக் கட்டணமும் மேல் டோல்போவைவிடப் பல மடங்கு குறைவு. ஷே இல்லை.

விடியப்புறம் பெரியம்மாவிடம் சொன்னேன். அந்தத் திருவிழா அடுத்து எப்ப என்று கேட்டா. 2036 என்றேன். விரல் மடித்துப் பார்த்து, “எனக்கு எழுபத்தெட்டு” என்றா. பிறகு என் நெற்றியில் கை வைத்து, சூடு பார்த்தாவோ திருநீறு பூசினாவோ தெரியவில்லை, மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு கூட்டத்தோடு போய்விட்டா.

பாணமையில் சிக்னல் வந்தது. பயண முகவரின் செய்தி காத்திருந்தது: டோவில் மூன்று இரவு தேவையில்லை, வருகிறவர்களுக்கு அலுத்துவிடும், ஒன்று போதும் என்று. மூன்றுதான் வேண்டும், அலுத்தால் மேஸ் கழுவுவோம் என்று எழுதி அனுப்பினேன். பொத்துவில் பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம். மச்சான் சப்பாத்தைக் கழற்றித் தலைக்கு வைத்துக்கொண்டு கடைத் திண்ணையில் நித்திரை.